கோயமுத்தூர் ஜெயிலின் எதிர்காலம்

கோயமுத்தூர் நகரின் நடுமையத்தில், மத்தியச் சிறைச்சாலைக்குச் சொந்தமான பூமியில் 45 ஏக்கரைப் பிரித்து அமைக்கப்பட்ட செம்மொழிப் பூங்காவை, 2025-ம் வருஷம் நவம்பர் 25-ந் தேதி முதன்மந்திரி ஸ்ரீ மு. க. ஸ்டாலின் திறந்து வைத்தார். 2010-ம் வருஷம் ஜூன் மாதத்தில் உலகத் தமிழ்ச் செம்மொழி மகாநாடு கோவையில் கூடியபோது, அன்றைய முதன்மந்திரி ஸ்ரீ மு. கருணாநிதி கொடுத்த வாக்கு இது. 2023 டிசம்பரில்தான் அஸ்திவாரக் கல் நாட்டப்பட்டது. 200 கோடி ரூபாய்க்கு மேல் செலவாகியிருக்கிறது. பதினைந்து வருஷம் கழித்தாவது வாக்கு நிறைவேறியதைப் பற்றி நமக்குத் திருப்தியே. புகையிலும் இரைச்சலிலும் மூச்சு முட்டிக் கிடக்கும் காந்திபுரத்திற்குப் பக்கத்தில் நாற்பத்தைந்து ஏக்கர் பசுமை கிடைப்பது சாமானியமான பாக்கியமல்ல. பூங்காவைக் குறை கூறுவது நமது நோக்கமல்லவென்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

நமது கவலையெல்லாம் பாக்கி நிலத்தைப் பற்றியது. சிறைக்கு மொத்தம் சுமார் 165 ஏக்கர் பூமி உண்டு. நாற்பத்தைந்து போக மிச்சமிருக்கும் 120 ஏக்கரும் இரண்டாவது கட்டத்தில் பூங்காவுடன் சேர்க்கப்படும் என்று சர்க்கார் தரப்பில் சொல்லப்பட்டிருக்கிறது. மேட்டுப்பாளையம் ரஸ்தாவில் காரமடைக்கு இப்பாலுள்ள பிளிச்சியில் 95 ஏக்கர் நிலம் குறிக்கப்பட்டு, அங்கே புதிய சிறை கட்டிக் கைதிகளை மாற்றுவதென்பது திட்டம். சிறை வெளியேறிய பிறகு பழைய மதில்களுக்குள் எது நிற்கும், எது விழும்? இந்த ஒரு கேள்விக்கு ஜனங்களுக்குத் தெளிவான பதில் வேண்டும். செடி வகைகளின் எண்ணிக்கை எல்லோருக்கும் விளம்பரப்படுத்தப்பட்டது. கட்டடங்களின் ஜாபிதாவும் அவ்வாறே விளம்பரப்படுத்தப்பட வேண்டும் என்கிறோம்.

இந்தச் சிறை 1872-ம் வருஷத்தில் எழுந்தது. அப்பொழுது கோயமுத்தூருக்கு முனிசிபாலிடி ஏற்பட்டு ஆறு வருஷந்தான் ஆகியிருந்தது. ரயில் போத்தனூரோடு விலகிப் போய்க்கொண்டிருந்தது. ஊருக்குள் அடுத்த வருஷந்தான் வந்தது. ஸ்டேன்ஸ் துரையின் மில் 1888-ல் வந்தது. ஆகவே, ஆலைச் சங்கின் ஓசையைக் கேட்பதற்குப் பதினாறு வருஷங்களுக்கு முன்பே கோவை ஜனங்கள் ஜெயில் மணியின் ஓசையைக் கேட்டுவிட்டார்கள். ஒரு ஜில்லாவை ஆள அந்நிய சர்க்காருக்கு இன்றியமையாதவை மூன்று: கச்சேரி, கஜானா, ஜெயில். பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் சாவகாசமாக வரலாம். சிறை கட்டி நாலே வருஷத்தில் தாது வருஷப் பஞ்சம் வந்தது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணமெங்கும் சிறைகள் நிரம்பி வழிந்தன. பசி தாங்காமல் ஒரு படி தானியத்தில் கை வைத்தவர்கள் கைதிகளானார்கள். உள்ளே போனவர்களில் பலர் எலும்பும் தோலுமாகப் போனபடியால், அங்கேயே மாண்டவர் தொகையும் பெருகிற்று. இவர்களுடைய பெயர்களை யாரும் கல்லில் பொறிக்கவில்லை. சிறைப் பதிவேடுகளைத் தவிர அவர்களுக்கு வேறு சாட்சி கிடையாது.

சிறை கட்டப்பட்ட அதே 1872-ல், செப்டம்பர் 5-ந் தேதி, ஒட்டப்பிடாரத்தில் ஒரு குழந்தை பிறந்தது. முப்பத்தாறு வருஷங்களுக்குப் பிறகு அந்தச் சிறையும் அந்தக் குழந்தையும் ஒன்றையொன்று சந்தித்தன. ஸ்ரீ வ. உ. சிதம்பரம் பிள்ளை 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனியை ஸ்தாபித்து, தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே வெள்ளையர் வர்த்தகத்துக்குப் போட்டியாகக் கப்பல் விட்டவர். 1908 மார்ச்சில் கைது செய்யப்பட்டார். ஜூலை 7-ந் தேதி ஜட்ஜ் பின்ஹே அவருக்கு இரண்டு ஆயுள் தண்டனைகளை, நாற்பது வருஷத் தீவாந்தரமாக விதித்தார். ராஜத்துவேஷத்திற்கு ஒன்று, தோழர் சுப்பிரமணிய சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்கு மற்றொன்று. ஒரு தேசாபிமானியின் ஆயுள் எத்தனை என்று கூடக் கணக்குப் பார்க்காத தீர்ப்பு! மேல் முறையீட்டில் தண்டனை குறைந்தது வேறு விஷயம். தீர்ப்புக்கு இரண்டு நாட்களுக்குப் பின் அவர் கோயமுத்தூர் ஜெயில் வாசலில் இறக்கப்பட்டார். 1910 டிசம்பர் 1-ந் தேதி கண்ணனூர்ச் சிறைக்கு மாற்றப்படும் வரையில், ஏறத்தாழ இரண்டு வருஷம் ஐந்து மாதம் இங்கேதான் இருந்தார்.

அந்தக் காலத்தில் நடந்ததைப் பிறர் சொல்லி நாம் அறிய வேண்டியதில்லை. செய்யுளாகத் தாம் இயற்றிய சுயசரிதையில் அவரே சொல்லியிருக்கிறார். முதலில் சணல் கிழிக்கும் யந்திரத்தைச் சுற்றும் வேலை. பேனா பிடித்த வக்கீலின் உள்ளங்கை தோலுரிந்து இரத்தம் கசிந்தது. அதன் பிறகு செக்கு. மாடு இழுக்க வேண்டிய செக்கை வெயிலில் மனிதன் இழுத்தான். கப்பல் ஓட்டியவனைச் செக்கு இழுக்க வைத்தால் தேசத்தின் கர்வம் அடங்கும் என்று அதிகாரிகள் எண்ணினார்கள் போலும். நடந்தது நேர்மாறானது. தூத்துக்குடிக் கப்பலைக் கண்ணால் காணாத கொங்கு நாட்டுக் குடியானவனும், கல் செக்கு என்றால் என்ன, அதைச் சுற்றி வருவது என்றால் என்ன என்பதை அறிவான். கப்பல் கம்பெனியின் பங்குப் பத்திரம் எட்டாத இடத்துக்கெல்லாம் செக்கின் கதை எட்டிற்று.

கோவை வாசிகள் பெருமைப்படக்கூடிய ஒரு விஷயத்தையும் இங்கே ஞாபகப்படுத்த வேண்டும். ராஜத்துவேஷக் கைதியோடு உறவு வைத்தால் என்ன நேருமோ என்று கனவான்கள் ஒதுங்கிய அந்நாளில், கோயமுத்தூர் வக்கீல் ஸ்ரீ சி. கே. சுப்பிரமணிய முதலியார் சிறையிலிருந்த பிள்ளையவர்களுக்குத் துணை நின்றார். பிற்காலத்தில் பெரிய புராணத்திற்கு விரிந்த உரை எழுதிப் புகழ்பெற்றவரும் இவரே. அவர் உரை கண்ட அந்தப் புராணத்தில்தான் நமது அவிநாசித் தலத்தின் அற்புதமும் வருகிறது: முதலை விழுங்கிய பாலகனைச் சில ஆண்டுகள் கழித்துச் சுந்தரர் பதிகம் பாடி மீட்டார். விழுங்கப்பட்ட பிள்ளை, போன வருஷங்களுக்கு உரிய வளர்ச்சியுடன் திரும்பி வந்தானாம். சிறை விழுங்கிய வருஷங்களை யாருக்கும் எந்தப் பதிகமும் திருப்பித் தருவதில்லை. 1912 டிசம்பரில் சிதம்பரம் பிள்ளை விடுதலையானபோது கப்பல் கம்பெனி இல்லை; அவருடைய வக்கீல் சன்னதும் இல்லை.

அவிநாசி ரஸ்தாவில் கோவைக்குப் போகிறவர்கள், நீலாம்பூரைத் தாண்டியதும் சின்னியம்பாளையத்தைக் கடந்து செல்கிறார்கள். 2025 அக்டோபரில் திறக்கப்பட்ட பத்து கிலோ மீட்டர் மேம்பாலம் அதற்குச் சிறிது தூரத்திற்கப்பால் ஆரம்பமாகி, உப்பிலிபாளையத்தில், சிறைக்குச் சமீபத்தில் இறக்கிவிடுகிறது. அதே வழியாக ராமையன், வெங்கடாசலம், சின்னையன், ரங்கண்ணன் என்ற நான்கு ஆலைத் தொழிலாளர்களின் சரித்திரமும் சிறைக்குள் சென்று முடிந்தது. ஆலைத் தகராறிலிருந்து கிளைத்த ஒரு கொலை வழக்கில் தண்டனை பெற்ற அந்நால்வரும் 1946 ஜனவரி 8-ந் தேதி இதே கோவைச் சிறையில் தூக்கிலிடப்பட்டனர். இன்னும் பத்தொன்பது மாதத்தில் சுதந்திரம் வரவிருந்தது. அவர்கள் சார்ந்திருந்த செங்கொடிக் கட்சியின் கொள்கைகள் நமக்கு உடன்பாடானவையல்ல. ஆனால் சரித்திரத்திற்குக் கட்சி கிடையாது. பெரியார் ஸ்ரீ ஈ. வெ. ராமசாமியும் 1930-க்குப் பிந்திய வருஷங்களில் இச்சிறைக்குள் இருந்தவரே. சுதேசிக்காரர், செங்கொடிக்காரர், சுயமரியாதைக்காரர் ஆகிய மூன்று தரத்தாரும் வெளியே ஒரே மேடையில் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். இந்த மதில்களுக்குள் எல்லோருக்கும் ஒரே கஞ்சிதான்.

‘அடிமைக் காலத்துச் சின்னத்தைக் கட்டிக்கொண்டு அழுவானேன்? இடித்துத் தரைமட்டமாக்கிப் பூச்செடி வைப்பதே அந்நிய ஆட்சிக்குச் சரியான பதில்’ என்று சில நண்பர்கள் சொல்லுகிறார்கள். கேட்பதற்கு ரோஷமுள்ள பேச்சாகத்தான் இருக்கிறது. ஆனால் யோசித்துப் பார்க்க வேண்டும். கவர்னரின் சிலையை அகற்றுவது வேறு. அது ஆண்டவன் தனக்குத் தானே செய்துகொண்ட முகஸ்துதி. சிறை அப்படிப்பட்டதல்ல. அதைக் கட்டியவன் அந்நியனேயாயினும், அதற்குள் கிடந்தவர்கள் நம்மவர். அதன் சரித்திரத்தை எழுதியவர்களும் நம்மவர். மதிலை இடித்தால் வெள்ளையனுக்கு ஒரு நஷ்டமுமில்லை; தான் செய்த கொடுமைக்கு இருந்த சாட்சியும் தொலைந்தது என்று அவன் சந்தோஷப்படக்கூடும்.

‘செக்கைத்தான் நினைவுச் சின்னமாக வைத்துப் பாதுகாக்கிறோமே, போதாதா?’ என்பது இன்னொரு கேள்வி. வாஸ்தவம். செக்கு சிறை வளாகத்தில் காக்கப்படுகிறது. பிள்ளையவர்களின் நினைவு நாட்களில் மாலையும் சாத்தப்படுகிறது. சென்னைக் கிண்டியில் காந்தி மண்டபத்திலும் ஒரு செக்கு வைக்கப்பட்டிருக்கிறது. கல்லை வண்டியில் ஏற்றி எங்கும் கொண்டு போகலாம். ஆனால் நிழலில்லாத முற்றத்தையும், சுற்றிலும் எழுந்து நிற்கும் மதிலையும், இரவில் அடைக்கும் கொட்டடியையும் அப்படி ஏற்றிச் செல்ல முடியாது. பூங்காவின் ஒரு மூலையில், நாலுபுறமும் ரோஜாச் செடிகளுக்கு நடுவே, மின்சார விளக்கொளியில் செக்கை நிறுத்தினால், பார்க்க வரும் பள்ளிப் பிள்ளை என்ன நினைப்பான்? அந்தக் காலத்தில் எண்ணெய் ஆட்டிய கருவி என்று நினைத்துக்கொண்டு ஐஸ்கிரீம் கடைக்குப் போவான். குற்றம் பிள்ளை மேலல்ல.

சென்னையில் நடந்ததைக் கோவை ஜனங்கள் மறக்கலாகாது. சென்ட்ரல் ரயில் நிலையத்திற்கு அருகிலிருந்த பழைய மத்தியச் சிறை 1837-ல் ஏற்பட்டது. கைதிகள் 2006-ல் புழலுக்கு மாற்றப்பட்டார்கள். 2009-ல், ஜனங்களைச் சில நாள் உள்ளே விட்டுச் சுற்றிப் பார்க்க அனுமதித்த பின், கட்டடங்கள் இடிக்கப்பட்டன. ஸ்ரீ அண்ணாதுரை கைதியாக இருந்த இடம் அது. 2001-ல் ஸ்ரீ கருணாநிதி கொண்டு போகப்பட்டதும் அங்கேதான். இப்போது அவ்விடத்தில் மருத்துவக் கல்லூரியின் புதுக் கட்டடம் நிற்கிறது. கல்லூரி அவசியமானதே, ஆட்சேபிப்பாரில்லை. ஆயினும் நூற்றெழுபது வருஷச் சரித்திரத்திற்கு ஒரு கொட்டடியையாவது மிச்சம் வைத்திருக்கலாகாதா? இருந்த சிறையை ஜனங்கள் ஒரு வாரம் வேடிக்கை பார்த்தார்கள். பிறகு அது பத்திரிகைப் புகைப்படமாகிவிட்டது.

வேறு இடங்களில் வேறுவிதமாகவும் செய்திருக்கிறார்கள். பெங்களூரில் பழைய மத்தியச் சிறை பரப்பன அக்ரஹாரத்திற்குப் போன பிறகு, காவல் கோபுரத்தையும் சில கொட்டடிகளையும் நிறுத்தி வைத்து, மற்ற இடத்தைப் பொதுஜன மைதானமாக்கி 2008-ல் ‘சுதந்திரப் பூங்கா’ என்று திறந்தார்கள். சர்க்காரைக் கண்டித்துக் கூட்டம் போடுகிறவர்கள் இப்போது கூடுமிடமே அந்தப் பழைய ஜெயில்தான்! கல்கத்தாவில் அலிப்பூர்ச் சிறையை 2022-ல் காட்சிசாலையாக்கினார்கள். தூக்குமேடை உள்ளபடியே நிற்கிறது. அந்தமான் தீவுச் சிறையின் கதை எச்சரிக்கையும் உதாரணமும் சேர்ந்தது. ஏழு கிளைகளாக விரிந்திருந்த அக்கட்டடத்தில் நான்கு போய்விட்டன; அந்த இடத்தில் ஆஸ்பத்திரி வந்தது. முன்னாள் கைதிகள் முறையிட்ட பிறகே மற்ற மூன்றும் தப்பின. 1979-ல் அது தேசிய ஞாபகார்த்த ஸ்தலமாயிற்று. அந்தமானில் முறையிடுவதற்குக் கைதிகள் உயிருடன் இருந்தார்கள். சிதம்பரம் பிள்ளைக்காக முறையிட அவருடைய கூடச் சிறைவாசிகள் எவரும் இன்று இல்லை. அந்தக் கடமை பத்திரிகைகளின் மேலும் சங்கங்களின் மேலும் விழுகிறது.

பழமையைக் காக்க ஆசைப்படுகிறவர்கள் அடிக்கடி செய்யும் ஒரு பிழையை நாமும் செய்யலாகாது. ஜெயில் என்பது செத்துப்போன சரித்திரமல்ல. உயிருள்ள மனிதர்களை இன்றும் அடைத்து வைக்கும் இடம். 2022-ம் வருஷக் கடைசியில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர் என்பது சர்க்கார் கணக்கு. அவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். அதாவது நூற்றுக்கு எழுபத்தைந்து பேருக்கு மேல், குற்றவாளி என்று இன்னும் எந்த நியாயாதிபதியாலும் தீர்ப்புச் சொல்லப்படாதவர்கள். ஜாமீன் கட்ட ஆளில்லாத ஏழைகளே இவர்களில் அதிகம் என்பதைக் கோர்ட்டு வராந்தாவில் ஒரு நாள் நின்று பார்த்தவர்கள் அறிவார்கள். முதல் முறை குற்றஞ்சாட்டப்பட்டவர், உச்ச தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு காலத்தை விசாரணையிலேயே கழித்துவிட்டால் விடுவிக்க வேண்டுமென்று, 2024 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய நடைமுறைச் சட்டம் சொல்லுகிறது. கொடிய குற்றங்களுக்கு இச்சலுகை இல்லை. அந்தச் சட்டத்தைச் சரியானபடி நடத்தினாலே பிளிச்சியில் கட்டும் கொட்டடிகளில் சிலவற்றைக் குறைத்துக்கொள்ளலாம்!

ஊருக்கு நடுவில் ஜெயில் இருப்பது நகரத்தின் அழகுக்குப் பொருந்தாமலிருக்கலாம். ஆனால் அதில் ஓர் அனுகூலம் இருந்தது. டாக்டர் நஞ்சப்பா சாலையில் பஸ்ஸை விட்டு இறங்கினால் சிறை வாசல். அங்கிருந்து ஜில்லாக் கோர்ட்டும் கூப்பிடு தூரம். வால்பாறையில் தேயிலை பறிக்கும் ஒரு தாய் மகனைப் பார்க்க வேண்டுமானால், மலையிறங்கிப் பொள்ளாச்சி வந்து, அங்கிருந்து கோவை சேரவே பாதி நாள் ஆகிவிடுகிறது. இனிமேல் ஊரை ஊடுருவி வடக்கே இன்னும் இருபது கிலோ மீட்டருக்கு மேல் போக வேண்டும். சில நிமிஷ நேர்காணலுக்காக இரண்டு நாள் கூலி போகும். வக்கீல்களுக்கும் கஷ்டந்தான். வசதியுள்ள கட்சிக்காரரின் வக்கீல் காரில் போவார். இலவச சட்ட உதவிக்கு நியமிக்கப்பட்ட வக்கீல் எத்தனை தடவை போவார் என்று யோசிக்க வேண்டும். விசாரணைக் கைதியை நியாயாதிபதி முன் நேரில் கொண்டுவராமல் வீடியோத் திரையில் காட்டிவிட்டுக் காவலை நீட்டிக்கும் வழக்கம் ஏற்கெனவே வேரூன்றிவிட்டது. தூரம் அதிகமானால் அது இன்னும் வலுக்கும். உடம்பில் காயமிருந்தாலும் திரையில் முகம் மட்டுமே தெரியும்.

ஆகையால் புதுச் சிறை வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. நூற்றைம்பது வருஷத்துக் கட்டடத்தில், அந்நியர் 1894-ல் செய்த சிறைச் சட்டத்தின் நிழலில், மனிதரை நெருக்கி அடைத்து வைப்பதில் எவருக்கும் பெருமையில்லை. மத்திய சர்க்கார் 2023-ல்தான் அதற்கு மாற்றாக ஒரு மாதிரிச் சட்டத்தை மாகாணங்களுக்கு அனுப்பிற்று. காற்றும் வெளிச்சமும் கழிப்பறையும் உள்ள இடம் கைதிகளுக்குக் கிடைக்கட்டும். நேர்காணல் நாட்களில் காந்திபுரத்திலிருந்தும், அன்னூர் மார்க்கமாக அவிநாசியிலிருந்தும் பிளிச்சிக்கு நேர் பஸ் விட வேண்டும்; வாசலில் வெயிலில் நிற்கும் பெண்டு பிள்ளைகளுக்கு ஒரு கொட்டகையும் குடிதண்ணீரும் வேண்டும்; சட்ட உதவி வக்கீலுக்குச் சிறைக்குள்ளேயே ஓர் அறை வேண்டும். 200 கோடி ரூபாயில் பூங்கா அமைத்த சர்க்காருக்கு இவை அற்பச் செலவு.

பழைய இடத்தைப் பற்றியும் நமது யோசனை இதுவே. 120 ஏக்கரில் பெரும் பகுதி மரமும் புல்லுமாக இருக்கட்டும். நகரத்தின் நடுவே இவ்வளவு நிலம் காலியாகும்போது வர்த்தகக் கட்டடம் எழுப்ப ஆசைப்படுகிறவர்கள் நிச்சயம் வருவார்கள். அந்த ஆசைக்கு இப்போதே உத்தரவு மூலம் தாழ்ப்பாள் போட வேண்டும். பிரதான வாசல், மதிலின் ஒரு பகுதி, 1872-ம் வருஷத்துக் கொட்டடிகளில் ஒரு வரிசை, செக்கு நின்ற முற்றம், தூக்கிலிடும் இடம் ஆகியவை இடிபடாமல் நிற்க வேண்டும். எது பழையது, எது பின்னால் கட்டியது என்று பொறியாளர்களையும் சரித்திர ஆசிரியர்களையும் கொண்டு அளந்து, வரைபடமும் புகைப்படமும் எடுக்க வேண்டும். சிறை நடந்துகொண்டிருக்கும்போதே இதைச் செய்வதுதான் சுலபம். காலி செய்த மறுநாள் கதவும் கம்பியும் ஏலத்துக்குப் போய்விடும். 2012-ம் வருஷத்துப் பாரம்பரிய ஆணையச் சட்டம் நம்மிடம் இருக்கிறது; அது இத்தகைய சந்தர்ப்பத்துக்கு உதவாவிட்டால் வேறு எதற்கு?

எல்லாவற்றிலும் அவசரமானது பதிவேடுகளின் விஷயம். கைதிகளின் சேர்க்கைப் புஸ்தகங்கள், தண்டனைப் புஸ்தகங்கள், ஆஸ்பத்திரிக் குறிப்புகள், தூக்கிலிட்டவர் பற்றிய காகிதங்கள் என்று எத்தனை மிஞ்சியிருந்தாலும் அத்தனையும் எழும்பூர் ஆவணக் காப்பகத்திற்குப் போய்ச் சேர வேண்டும். ஆபீஸ் இடம் மாறும்போது முதலில் தொலைவது காகிதம் என்பது குமாஸ்தா உத்தியோகம் பார்த்த யாருக்கும் தெரியும். சிதம்பரம் பிள்ளைக்குச் சுயசரிதை இருக்கிறது. தாது வருஷத்தில் ஒரு படி சோளத்துக்காக உள்ளே போனவனுக்கு அந்தப் புஸ்தகத்தின் ஒரு வரி மட்டுமே இருக்கிறது.

பிளிச்சிச் சிறைக்குக் கைதிகளை ஏற்றிய முதல் வண்டி புறப்படுவதற்கு முன், நிற்கும் கட்டடங்களின் ஜாபிதாவைச் சர்க்கார் சட்டசபை மேஜையில் வைக்க வேண்டும். ஜனங்களின் ஆட்சேபங்களைக் கேட்க ஒரு தவணையும் கொடுக்க வேண்டும். கோவை வக்கீல் சங்கத்தாரும், அவிநாசி, திருப்பூர், பல்லடம், பொள்ளாச்சி முதலிய ஊர்களின் வாசகசாலைகளும் தொழிற்சங்கங்களும் இதைக் கோரி இப்பொழுதே மகஜர்கள் தயாரித்து, ஜில்லா கலெக்டருக்கும் தங்கள் தொகுதி அங்கத்தினருக்கும் அனுப்பிவைப்பார்களென்று நம்புகிறோம்.